விலகு காந்தமானியும் என் கொண்டை ஊசிகளும்

"கொண்டை ஊசியையும் எடுத்துடும்மா" என்றார் சந்தானம் சார்.

எடுத்தேன். தாவணியில் குத்தியிருந்த ஊக்கு அதற்கு முன்பே மேசை இழுப்பறைக்குள் போயிருந்தது. வளையலையும் கழற்றச் சொன்னார். "கண்ணாடி வளையல்தான் சார்" என்றேன். "எதுக்கும் கழற்றிடு" என்றார். அப்புறம் என் காதைப் பார்த்தார். "தங்கம் சார்" என்றேன். "எதுக்கும்..." என்று இழுத்தார்.

தோட்டையும் கழற்றினேன். பின்னல் அவிழ்ந்து முகத்தில் விழ, ஒரு கையால் தாவணியை இறுக்கிப் பிடித்தபடி, மூளிக் காதும் வெறுங்கையுமாக, பையன்கள் நிறைந்த அந்த லேபில் நின்றேன்.

மேசைமேல் இருந்த கருவியின் முள் பூஜ்யத்தில் ஆடாமல் நின்றது. "பார்த்தியா, நான் சொல்லலை?" என்று சாருக்கு முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி அடங்குவதற்குள் முள் தானாகத் திரும்பிப் பத்து டிகிரியில் போய் நின்றது.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "முள்ளு மயங்கிருச்சு டோய்!"

லேப் மொத்தமும் சிரித்தது. சார் கத்தியவனை விட்டுவிட்டு என்னைத்தான் முறைத்தார்.

இந்தத் தொடரில் கல்லூரி நாட்களை எப்போது தொடப் போகிறீர்கள் என்று சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான்தான் தள்ளிப்போட்டு வந்தேன். அறுபதுகளின் பிற்பகுதியில், காரைக்குடியில் பி.யு.சி. என்கிற புகுமுக வகுப்பு படித்த அந்த ஒரு வருஷத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் முதலில் வருகிறது. மற்றவர்களுக்குக் கல்லூரி என்றால் மரத்தடியும் நண்பர்களும் நினைவுக்கு வரும் போலிருக்கிறது. எனக்கு ஸ்பிரிட் விளக்கின் வாடையும், மெழுகு படிந்த மேசையின் பிசுபிசுப்பும், சொன்னதைக் கேளாத கருவிகளும்தான் நினைவுக்கு வருகின்றன.

மூன்றாவது கை

நான் சிங்கம்புணரிக்காரி. எஸ்.எஸ்.எல்.சி. வரை அங்கேயே தமிழில் படித்தவள். அப்பாவை நாங்கள் அய்யா என்று கூப்பிடுவோம். அய்யாவுக்குக் கடலையும் கேழ்வரகும் விளைகிற கொஞ்சம் நிலம். "எம்மக கணக்குல நூத்துக்கு நூறு" என்று சந்தையில் பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லித் திரிவார். "அப்பறம் எதுக்கு வீட்டுல வச்சிருக்கீக, காலேசுல சேக்க வேண்டியதுதானே?" என்று யாரோ ஒருவர் கேட்டுவிட்டார். ரோஷம் வந்துவிட்டது அய்யாவுக்கு. கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

காரைக்குடியில் அய்யாவின் தங்கை வீடு இருந்தது. அத்தை வீட்டில் தங்கல். பஸ் ஏறும் முன் அய்யா சொன்னது ஒன்றே ஒன்று. "ஒரு பேச்சு வரக் கூடாது, ஆத்தா."

சரி என்றேன். எனக்கு அதில் ஒரு கஷ்டமும் தெரியவில்லை. பேச்சு என்பது நாம் ஏதாவது செய்தால்தான் வரும் என்று நம்பிக்கொண்டிருந்த வயசு.

கணிதம், பௌதிகம், ரசாயனம் எடுத்த எங்கள் வகுப்பில் இரண்டே பெண்கள். இன்னொருத்தி பெயர் வள்ளிக்கண்ணு. லேபில் இருவர் இருவராகச் சேர்ந்து சோதனை செய்ய வேண்டும். நாங்கள் இருவரும் ஒரு ஜோடி. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போன வள்ளிக்கண்ணு திரும்பி வரவில்லை. மாப்பிள்ளை அமைந்துவிட்டதாம். அவளிடமே ஊருக்குப் போன பிறகுதான் சொல்லியிருக்கிறார்கள். அவளுடைய ரசாயனப் புத்தகம்கூட என்னிடம்தான் இருந்தது.

"எனக்கு ஒரு பார்ட்னர் வேணும் சார்" என்று சந்தானம் சாரிடம் போய் நின்றேன். அவர்தான் எங்களுக்குப் பௌதிக விரிவுரையாளர், லேபுக்கும் அவரே. பையன்கள் பக்கம் ஒரு தடவை பார்த்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். "தனியாவே செய்ம்மா, நல்லாப் படியும்" என்றார்.

தனி ஊசலைத் தனியாகச் செய்துபார்த்தவர்களுக்குத் தெரியும். குண்டை ஆட்டிவிட வேண்டும், ஆட்டங்களை எண்ண வேண்டும், அதே சமயம் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். எண்ணிக்கையைப் பிடித்தால் கடிகாரம் தப்பும், கடிகாரத்தைப் பிடித்தால் எண்ணிக்கை தப்பும். பக்கத்து மேசைகளில் ஒருவன் எண்ண, ஒருவன் கடிகாரம் பார்க்க, வேலையை முடித்துவிட்டு வெளியே நின்று கடலை கொறித்துக்கொண்டிருப்பார்கள்.

கலோரிமானி இன்னும் மோசம். கலக்குவதற்கு ஒரு கை, வெப்பமானிக்கு ஒரு கை, எழுதுவதற்கு ஒரு கை. மூன்றாவது கைக்கு எங்கே போவது? சாமிகளுக்கு நாலு கையும் ஆறு கையும் வைத்துச் சிலை செய்தவன் என்றைக்கோ தனியாக ஏதோ ஒரு வேலையில் மாட்டிக்கொண்டு தவித்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

தெரிந்தும் தெரியாதவள்

இந்தத் துயரத்தோடு இங்கிலீஷ் வேறு.

முதல் வாரத்திலேயே சார் என்னை எழுப்பி, "வாட் இஸ் பாரலாக்ஸ்?" என்றார். நின்றேன். அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. அரை நிமிடம் பார்த்துவிட்டு, "தமிழ் மீடியமா?" என்று கேட்டு உட்காரச் சொன்னார். அந்தக் கேள்வியில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. காய்ச்சலா என்று கேட்பது போலக் கேட்டார்.

பிறகு கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். கண்ணை இடமும் வலமுமாக நகர்த்தினால் முள் இடம் மாறுவது போலத் தெரியும், அதனால் நேர் மேலே இருந்து பார்க்க வேண்டும் என்றார். அட, இடமாறு தோற்றப் பிழை! ஒன்பதாம் வகுப்பிலேயே படித்து, பள்ளிக்கூடப் பரீட்சையில் முழு மார்க் வாங்கியது. இரண்டு வருஷமாக எனக்குத் தெரிந்த ஒன்றைத் தெரியாது என்று சொல்லி உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து "எனக்குத் தெரியும் சார்" என்று சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் சார் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

அந்த வருஷம் முழுக்க இப்படித்தான். விடை என் கையில் இருக்கும். கேள்வி எந்த வேஷத்தில் வந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

எட்டு ரீடிங்

விலகு காந்தமானி என்பது பார்ப்பதற்குச் சாதுவான கருவி. நடுவில் கண்ணாடி மூடிய ஒரு வட்டப் பெட்டி. அதற்குள் சின்னக் காந்த ஊசி, அதோடு சேர்ந்து திரும்புகிற நீளமான மெல்லிய முள், சுற்றிலும் டிகிரி கோடுகள். பெட்டியின் இரண்டு பக்கமும் அளவுகோல் பதித்த மரக் கைகள். முதலில் முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்த வேண்டும். அப்புறம் மரக் கையின்மேல் ஒரு சட்டக் காந்தத்தை வைத்தால் முள் திரும்பும். எவ்வளவு திரும்பியது என்று குறிக்க வேண்டும். முள்ளின் இரு முனை, காந்தத்தின் இரு முகம், இரண்டு கைகள் என்று மாற்றி மாற்றி எட்டு ரீடிங். எட்டும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் சோதனை சரி.

பக்கத்தில் இரும்பு எதுவும் இருக்கக் கூடாது. அதுதான் ஒரே விதி.

பார்ட்னர் போன பிறகு என் மேசையைச் சார் தன் மேசைக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தார். பாதுகாப்பாம். அவர் மேசைக்குப் பின்னால் லென்ஸ்கள் வைத்திருந்த மர அலமாரி. லென்ஸ் எடுக்க வருகிறவன், கையெழுத்து வாங்க வருகிறவன், சந்தேகம் கேட்க வருகிறவன் எல்லாரும் என் மேசையை உரசிக்கொண்டுதான் போக வேண்டும்.

நான் எட்டு ரீடிங்கையும் ஒன்றாகப் பார்த்ததே இல்லை. மூன்று சரியாக வரும், நான்காவதில் முள் எங்கோ போகும். மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குவேன். ஐந்து வரும், ஆறாவது ஓடும். அடுத்த வாரம் மறுபடி. மற்றவர்கள் அடுத்த சோதனைக்குப் போய்விட்டார்கள்.

அப்போதுதான் அந்தக் கொண்டை ஊசி விசாரணை. இரும்பு இருக்கிறது என்றால் அது பெண்பிள்ளையிடம்தான் இருக்கும் என்று சாருக்கு ஒரு முடிவு. எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் முள் திரும்பியது என்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் நல்ல தடயம். என்னிடம் கழற்றுவதற்கு இனி ஒன்றும் இல்லை. ஆகவே தப்பு என்னிடம் இல்லை.

யார் வந்தால் திரும்புகிறது?

கவனிக்க ஆரம்பித்தேன். யார் யாரோ போனார்கள், வந்தார்கள். முள் அசையவில்லை. நாச்சியப்பன் வந்தான். திரும்பியது.

நாச்சியப்பன் ஒரு வார்த்தை பேசாத பையன். வேட்டியும் முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டையுமாக, தலையைக் குனிந்தே வருவான், குனிந்தே போவான். சொந்த ஊர் கீழச்சிவல்பட்டி. அப்பச்சி என்று அவன் கூப்பிடும் அப்பா பினாங்கில். இவன் படிப்புக்காக ஆத்தாளும் இவனும் காரைக்குடியில் வந்து இருந்தார்கள். இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் என் மேசைக்கு வலப்பக்கம் வந்தால் முள் ஒரு பக்கம் திரும்பும், இடப்பக்கம் வந்தால் மறுபக்கம் திரும்பும் என்பதுதான்.

நான் கண்டுபிடித்ததை அதே வாரம் பின்வரிசையும் கண்டுபிடித்துவிட்டது. அவர்கள் அதற்குச் சொன்ன காரணம் வேறு.

நாச்சியப்பன் எழுந்து லென்ஸ் எடுக்க வந்தால் போதும், லேப் முழுக்க வேலையை நிறுத்திவிட்டு என் முள்ளைப் பார்க்கும். "திரும்புது, திரும்புது!" அவன் போனால், "ஐயோ, ஏங்கிப்போச்சே!" அவன் காது சிவந்துவிடும். என் ஏழாவது ரீடிங் போச்சு.

அவனிடமே கேட்டிருக்கலாமே என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். பேசாமலே இவ்வளவு. பேசியிருந்தால்?

சாரிடம் போனேன். "சார், நாச்சியப்பன்கிட்ட ஏதோ இரும்பு இருக்கு. அவர் வந்தாத்தான் முள்ளு திரும்புது."

சார் பேனாவை மூடிக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்தி, அக்கறையாகவே சொன்னார். "நீ ரீடிங்கைப் பாரும்மா. அவனை ஏன் பார்க்கிறே?"

அன்றைக்கு அவர் மேசைமேல் இருந்த மைக்கூட்டை எடுத்து எறியாமல் விட்டதுதான் என் வாழ்க்கையின் பெரிய பொறுமை.

கண்டக்டர் கொண்டுபோன சேதி

அத்தை காதுக்கு அது எந்த வழியாகப் போனதோ. கோயிலில் வைத்து யாரோ சொன்னதாகச் சொன்னாள். சொன்னவளுக்கு ஒரு தம்பி எங்கள் வகுப்பிலாம்.

நான் கல்லூரியிலிருந்து வந்து முகம்கூடக் கழுவவில்லை. "ஏண்டி, லேபுல என்னமோ முள்ளு திரும்புதாமே?" என்றாள்.

"ஆமா அத்தை. அது இரும்புக்குத் திரும்பும்."

"செட்டியார் வீட்டுப் பயலுக்குத் திரும்புதுன்னு சொல்றாக?"

"அவர்கிட்ட இரும்பு இருக்கு, அத்தை."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

இதற்கு என்ன பதில் சொன்னாலும் தப்பு. அத்தை கெட்டவள் இல்லை. அண்ணன் மகளைத் தன் பொறுப்பில் விட்டிருக்கிறான், நாளைக்கு ஒன்று என்றால் பழி தனக்கு என்ற பயம் அவளுக்கு. சிங்கம்புணரி பஸ் கண்டக்டர் எங்கள் ஊர்க்காரர். மறுநாள் காலை அவரிடம் சேதி சொல்லி அனுப்பிவிட்டாள்: உடனே வந்து பிள்ளையை அழைச்சுக்கிட்டுப் போகச் சொல்லுங்க.

என்ன ஏது என்று அத்தை கண்டக்டரிடம் சொல்லவில்லை. அதனால் கண்டக்டரும் டிரைவரும் திருப்பத்தூர் தாண்டுவதற்குள் ஆளுக்கு ஒன்றாக ஊகித்து வைத்திருந்தார்கள்.

"பெட்டியக் கட்டு"

மறுநாள் லேப் நடந்துகொண்டிருந்தது. பிரின்சிபால் அறைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. போனேன். வராந்தாவில் அய்யா நின்றார். தோளில் துண்டு, கையில் குடை, கண் சிவந்திருந்தது. அவருக்கு முன்னால் பிரின்சிபால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"பெட்டியக் கட்டு, ஆத்தா. ஊருக்குப் போவோம்" என்றார் அய்யா.

திட்டியிருந்தால் அழுதிருப்பேன். அந்தக் குரலில் கோபம் இல்லை. சந்தையில் இனி யார் முகத்தைப் பார்ப்பது என்ற களைப்புதான் இருந்தது. வள்ளிக்கண்ணு போன வழி என் கண்முன் தெரிந்தது. அடுத்த மாசம் எனக்கும் ஒரு மாப்பிள்ளை அமைந்துவிடுவார்.

"அய்யா, நான் ஒண்ணும் செய்யலை."

"செஞ்சன்னு நான் சொல்லலையே. பேச்சு வந்துருச்சுல்ல?"

"பேச்சு அந்த முள்ளுனால வந்துச்சு. நீங்க ஒரு தடவை வந்து அந்த முள்ளப் பாருங்க. பாத்தப்பறமும் வரச் சொன்னா வர்றேன்."

பிரின்சிபால் குறுக்கிட்டார். "லேபுக்குள்ள வெளியாட்களை விடறதில்லைம்மா."

அய்யா அவரைத் திரும்பிப் பார்த்தார். "எம்புள்ளையப் பத்தி வெளியாள் எல்லாம் பேசுறாகளே சார். அதைப் பாத்துட்டு வர்றதுக்கு நான் வெளியாளா?"

செருப்பை வராந்தாவில் விட்டுவிட்டு என்னோடு நடந்தார். பிரின்சிபாலும் பின்னாலேயே வந்தார்.

இடுப்பில் இருந்தது

லேப் கப்சிப். சந்தானம் சார் எழுந்து நின்றார். நான் யாரையும் பார்க்கவில்லை. அய்யாவின் குடையை வாங்கி வெளியே வைத்தேன். குடையில் இரும்புக் கம்பி. முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன்.

"பாருங்கய்யா. இரும்போ காந்தமோ கிட்ட வந்தா இது திரும்பும். இல்லாட்டி திரும்பாது. சார், இவங்களை ஒவ்வொருத்தராக் கூப்பிடுங்க."

சார் பிரின்சிபாலைப் பார்த்தார். பிரின்சிபால் தலையசைத்தார். ஒருவன் வந்தான், போனான். முள் அசையவில்லை. இன்னொருவன். அசையவில்லை. "மயங்கிருச்சு டோய்" சொன்ன வீரனும் வந்தான். அய்யா பார்த்த பார்வையில் அவன் வியர்த்துக்கொண்டே போனான். முள் அசையவில்லை.

"இப்ப நாச்சியப்பன்."

தலையைக் குனிந்தபடி வந்தான். முள் திரும்பியது. அய்யா முகம் கறுத்தது.

ஊரெல்லாம் சொன்னதை அவர் இப்போது கண்ணாலேயே பார்த்துவிட்டார். என் கையாலேயே காட்டியிருக்கிறேன்.

"அவர்கிட்ட இரும்பு இருக்கு" என்றேன். என் குரல் எனக்கே கிறீச்சென்று கேட்டது. "எடுத்து வைக்கச் சொல்லுங்க. எடுத்து வச்சுட்டு வரச் சொல்லுங்க!"

நாச்சியப்பன் நகரவில்லை. சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். காலி.

அய்யா அவன் பக்கத்தில் போனார். "தம்பி, இடுப்புல என்ன வச்சிருக்கீக?"

அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "சாவிங்க."

"என்ன சாவி?"

"ஊர் வீட்டுச் சாவிங்க. வீடு பூட்டிக் கெடக்கு. எங்கேயும் வைக்காத, இடுப்ப விட்டு எடுக்காதன்னு ஆத்தா சொன்னாக. அரைஞாண்ல கட்டியிருக்கு."

அய்யா அவனைக் கதவுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு இரும்புச் சாவி. ஒரு சாண் நீளம் இருக்கும். கோட்டைக் கதவைத் திறக்கலாம். அதன் நுனியில் இரண்டு குண்டூசிகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"குண்டூசி ஏன் ஒட்டியிருக்கு?" என்று சந்தானம் சார் முதல் முறையாக ஒரு நல்ல கேள்வி கேட்டார்.

"காந்தப் பாடம் நடத்தினப்ப, சட்டக் காந்தத்தை வச்சு அதுல தேய்ச்சுப் பாத்தேன் சார். காந்தமாகுதான்னு."

ஆகியிருந்தது. நன்றாகவே ஆகியிருந்தது. அந்தக் காந்தத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு வாரா வாரம் என் மேசையைச் சுற்றி வந்திருக்கிறான்.

அய்யா சாவியை மேசையில் வைத்தார். முள் திரும்பியது. தள்ளினார், திரும்பி வந்தது. கிட்டே கொண்டுபோனார், மறுபடி திரும்பியது. சாவியைத் தலைகீழாகப் பிடித்தார். முள் மறுபக்கம் போனது. "அடேயப்பா" என்றார். வந்த காரியம் அவருக்கு மறந்துபோனது போலிருந்தது.

பிறகு நினைவு வந்தது. சாவியை வராந்தாவுக்கு எடுத்துப்போகச் சொல்லிவிட்டு நாச்சியப்பனை மட்டும் என் மேசைப் பக்கம் வரச் சொன்னார். முள் சும்மா இருந்தது. "இங்குட்டு வாங்க தம்பி." சும்மா இருந்தது. "இப்ப அங்குட்டுச் சுத்தி வாங்க." என்னையும் மேசையையும் ஒரு முழுச் சுற்று சுற்றவைத்துவிட்டார். அது மணவறை சுற்றுவது போலத் தெரியும் என்று அவருக்கு உறைக்கவே இல்லை. பின்வரிசை சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு குலுங்கியது. நான் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சாவியாத்தான் இருக்கும்னு தெரியுமா தம்பி உங்களுக்கு?" என்று அய்யா கேட்டார்.

"கொஞ்ச நாளாச் சந்தேகமா இருந்துச்சுங்க."

"அப்ப ஏன் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சுங்க."

வெட்கமாம். தோட்டைக் கழற்றி, வளையலைக் கழற்றி, தலையை விரித்துப்போட்டுக்கொண்டு நான் நின்றபோது இவன் பக்கத்திலேயே அந்தச் சாவியோடு நின்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறான். நல்ல பையன்தான். பிற்காலத்தில் பெரிய எஞ்சினியர் ஆனதாகக் கேள்விப்பட்டேன். அவன்மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. எரிச்சல் மட்டும் இருக்கிறது.

சன்னல் ஓர மேசை

யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. சந்தானம் சார், "இரும்பு கூடாதுன்னு நான் அன்னைக்கே சொன்னேனே" என்றார். பிரின்சிபால் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எதுக்கு இனி பேச்சு? இந்தப் பெண்ணோட மேசையைத் தனியா அந்த மூலையில போட்டுடுங்க. யாரும் கிட்டப் போக வேண்டாம்."

மூலையில் ஒரு பெரிய சன்னல். அந்த ஊர்ச் சன்னல்களைப் பார்த்திருப்பீர்கள். விரல் கனத்தில் இரும்புக் கம்பிகள், மேலிருந்து கீழ் வரை, பத்துப் பன்னிரண்டு. மேசையை இரண்டு பையன்கள் தூக்கிக்கொண்டு போய் அதற்கு அடியில் போட்டார்கள். காந்தமானியையும் கொண்டுபோய் வைத்தார்கள். முள் பூஜ்யத்துக்கு வர மறுத்தது. பெட்டியை எப்படித் திருப்பினாலும் கோணிக்கொண்டு நின்றது.

"சார், இங்க இரும்புக் கம்பி இருக்கு சார்" என்றேன்.

"அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா" என்றார் சார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு நேரம் வராத அழுகை. பெயர் கெட்டு, பெயர் மீண்டு, கடைசியில் எட்டு ரீடிங் கிடைக்காது என்று நிற்கிறேன்.

அய்யா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். சன்னலைப் பார்த்தார். ஒரு கால் செருப்போடு திரும்பி உள்ளே வந்தார்.

"சார், நீக படிச்சவுக. ஒரு சாவிக்கே அது அம்புட்டுத் திரும்புச்சு. இத்தன கம்பிக்கு அடியில வச்சா எம்புள்ள கணக்கு என்னத்துக்கு ஆகும்?"

"இது அவ நல்லதுக்குத்தான் பெரியவரே. நாலு பேர் பேசக் கூடாதுன்னு..." என்று பிரின்சிபால் இழுத்தார்.

"பேசுறவன் வாய மூடுங்க. எம்புள்ள மேசைய ஏன் நகட்டுறீக?"

அய்யா விடுவதாக இல்லை. "நடுவுல போடுங்க. கம்பியும் இல்லாம, சாவியும் இல்லாம, நட்டநடுவுல. நான் பாத்துட்டுத்தான் பஸ் ஏறுவேன்."

என்னை அழைத்துக்கொண்டு போக வந்த மனிதர், என் மேசைக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். பஸ் நிலையம் வரை கூட நடந்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, சன்னல் வழியாக, "சாப்பாடெல்லாம் சரியாப் போடுறாளா ஒங்க அத்த?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு அவர் கேட்ட கேள்விகளில் வழக்கமானது இது ஒன்றுதான்.

அத்தையிடம் நடந்ததையெல்லாம் விவரமாகச் சொன்னேன். காந்தம், சாவி, குண்டூசி, எல்லாம். பொறுமையாகக் கேட்டாள். "சாவியோ பூட்டோ, எனக்கு என்னடி தெரியும்? திரும்புனது திரும்புனதுதானே?" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். கடைசிவரை அவளை ஒப்புக்கொள்ளவைக்க என்னால் முடியவில்லை.

அடுத்த வாரம் லேபில், நட்டநடு மேசையில், முதல் தடவையாக எட்டு ரீடிங்கும் வந்தன. ஒன்றுக்கொன்று அரை டிகிரிகூட விலகவில்லை. கணக்குப் போட்டுக் கொண்டுபோய்ச் சாரிடம் நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை உயர்த்தி மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"பரவாயில்லையே. யாரும்மா எடுத்துக் குடுத்தது?"

"கொஞ்சம் வாங்க சார்" என்று என் மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெட்டியைத் தட்டி முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தினேன். காந்தத்தை வைத்து முதல் ரீடிங்கை உரக்கச் சொன்னேன், இங்கிலீஷில். காந்தத்தைப் புரட்டினேன். அடுத்தது. சார் தலையை ஆட்டி, "சரி சரி, போதும்மா" என்றார். நான் காது கேளாதவள் போல அடுத்ததை எடுத்தேன்.

மணி அடித்தது. பையன்கள் புத்தகங்களை அள்ளிக்கொண்டு கலைய ஆரம்பித்தார்கள். சார் வாசலைப் பார்த்து ஒரு அடி நகர்ந்தார்.

"இன்னும் ரெண்டு இருக்கு சார்" என்றேன்.

நின்றார்.